வழிபாட்டு விழுக்காடு

பெட்டி பதினொன்று என்று காட்டியது. நூற்றுக்குப் பதினொன்று.

செண்பகவல்லி அறிக்கையை இன்னொரு முறை படித்தாள். திருப்பூரில், ஊத்துக்குளி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்த மடுவுக்கரை மாரியம்மன் கோயில். தொண்ணூறு நாள் அளவீடு. ஓய்வும் உறக்கமும் எழுபத்திரண்டு விழுக்காடு, மனக்கலக்கம் பதினான்கு, பேச்சு மூன்று. மிச்சம்தான் வழிபாடு. சட்டப்படி அது கோயிலே இல்லை, தங்கும் விடுதி. ஆண்டுக்கு நான்கு லட்சத்து முப்பதாயிரம் வரி கட்டச் சொல்லி ஆணை போயிருந்தது. கோயிலிலிருந்து மேல்முறையீடு வந்திருந்தது. விசாரணை அதிகாரி செண்பகவல்லி.

சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மத நிறுவனங்கள் வரி கட்ட வேண்டுமா என்று பத்து வருடம் ஊரெல்லாம் சண்டை போட்டு, கடைசியில் எல்லோரும் அரைமனதாக ஒத்துக்கொண்ட வழி இதுதான்: வழிபாட்டுக்கு வரி கிடையாது, வழிபாட்டு இடத்தில் நடக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் எது வழிபாடு, எது மற்றது என்று யார் சொல்வது? அதற்குத்தான் பெட்டி. டிபன் டப்பா அளவு இருக்கும். கூரையில் பொருத்திவிட்டால், கீழே இருப்பவர்களின் மூச்சையும் நாடித்துடிப்பையும் உடம்பின் அசைவையும் அலைகளால் தொட்டுப் பார்த்து, யார் வழிபடுகிறார், யார் வழிபடவில்லை என்று பிரித்துவிடும். அதற்கு முகம் தெரியாது, பெயர் தெரியாது, மதம் தெரியாது. அதனாலேயே கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாத் தரப்பும் அதற்குச் சம்மதித்தன.

செண்பகவல்லி இந்தச் சட்டத்தை மனதார நம்பினாள். அவள் வளர்ந்த ஊரில் ஒரு மடத்துக்கு மூன்று தெரு நிறையக் கடைகளும் இரண்டு கல்யாண மண்டபங்களும் இருந்தன. அவற்றிலிருந்து அரசுக்கு ஒரு காசு வராது. அவள் படித்த பள்ளியில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பத்தாம் வகுப்பு வரை காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவள் அவள். இப்போது அந்த மடம் வரி கட்டுகிறது. அந்தப் பள்ளியில் கழிப்பறை வந்துவிட்டது. சட்டம் பேசப்பட்டபோது பெட்டிக்கு வழிபாட்டைக் கற்றுக்கொடுத்த குழுவில் அவளும் இருந்தாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

காலை ஏழு மணிக்கு அவள் மடுவுக்கரைக்குப் போனாள். தகரக் கூரை போட்ட நீளமான மண்டபம். கோடியில் இடுப்பளவு உயரத்தில் அம்மன். மண்டபம் முழுக்கப் பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். நூற்றுக்கு மேல் இருக்கும். சாப்பாட்டுப் பைதான் தலையணை. தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி.

"வாங் மேடம். படுத்திருக்கறவங்கள மிதிச்சறாம இப்பிடி ஓரமா வாங்" என்றாள் பாவாத்தாள். அவள்தான் பூசாரி. அறுபது வயதிருக்கும். முப்பது வருடம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள். கூட வேலை பார்த்த பெண்களிடம் வசூல் செய்து இந்த மண்டபத்தைக் கட்டியதும் அவள்தான்.

"எல்லாரும் தூங்குறாங்களே?"

"ராத்திரி ஷிப்ட்டு ஆறு மணிக்கு முடியுதுங். ஹாஸ்டல்ல ஒரு கட்டலுக்கு ரெண்டு பேரு. பகல் ஷிப்ட்டுக்காரி எட்டு மணிக்குக் கெளம்புனாத்தான் இவளுக்குக் கட்டலு. அந்த ரெண்டு மணி நேரம் எங்க போவா, சொல்லுங்?"

"அப்போ இது தங்குற எடம்தானே அம்மா? பெட்டி சரியாத்தான் சொல்லியிருக்கு."

"தங்கறதுக்கு பஸ் ஸ்டாண்டு இருக்குதுங். ஃபேன் கூட இருக்குது. இங்க எதுக்கு வாராங்கன்னு கேட்டுப் பாருங்."

கேட்டுத்தான் ஆக வேண்டும். விசாரணை விதிப்படி ஒருவரிடமாவது வாக்குமூலம் வாங்க வேண்டும். அம்மனுக்குப் பக்கத்தில் இருந்த தூணோரம் ஒரு பெண் கண்ணைத் திறந்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். செண்பகவல்லியைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள். பெயர் மோனிஷா, வயது முப்பத்தாறு, சொந்த ஊர் வத்தலக்குண்டுப் பக்கம், தையல் வேலை.

"இப்போ நீங்க வழிபட்டுக்கிட்டு இருந்தீங்களா?" படிவத்தில் இருந்த கேள்வியைச் செண்பகவல்லி அப்படியே கேட்டாள்.

மோனிஷா திகைத்துப்போனாள். "நானா? இல்ல மேடம். சும்மாதான் படுத்திருந்தேன்."

"தினமும் வருவீங்களா?"

"ஆமா மேடம். பாப்பா போனதுலருந்து ரெண்டு வருசமா வர்றேன். காய்ச்சல் மேடம். ஆறு வயசு. அஞ்சே நாளு." அவள் அம்மன் பக்கம் கையைக் காட்டினாள். "வந்து இவகூடச் சண்டை போடுவேன். உனக்குக் கண்ணு இருக்கா, நீயெல்லாம் ஒரு தாயான்னு திட்டுவேன். வாயால இல்ல, மனசுக்குள்ள. திட்டித் திட்டி அசந்து தூங்கிருவேன். கும்புடுறதெல்லாம் விட்டுட்டேன் மேடம். பொய் சொல்லக் கூடாதுல்ல."

செண்பகவல்லி எழுதிக்கொண்டாள்: 'வழிபடவில்லை. ஓய்வுக்காக வருகிறார்.' மோனிஷா கையெழுத்துப் போட்டாள்.

மனசு கேட்காமல் செண்பகவல்லி ஒரு உதவி செய்தாள். வரியை உடனே உறுதி செய்யாமல், கோயில் தயாரானதும் இன்னொரு தொண்ணூறு நாள் மறு அளவீட்டுக்கு அனுமதி கொடுத்தாள். துறை அச்சடித்திருந்த சிறு புத்தகம் ஒன்றையும் பாவாத்தாளிடம் தந்தாள். வழிபாட்டு விழுக்காட்டை எப்படி உயர்த்துவது என்று அதில் படங்களோடு போட்டிருந்தது.

"இதுல இருக்குற மாதிரி செஞ்சீங்கன்னா கூடிரும்மா. அறுபதைத் தாண்டினாப் போதும், வரி கிடையாது."

பாவாத்தாள் புத்தகத்தைப் புரட்டினாள். எல்லாப் படத்திலும் யாரோ ஒருவர் கண்ணை மூடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஆறு மாதம் கழித்து மறு அளவீடு வந்தது. தொண்ணூற்று மூன்று.

செண்பகவல்லிக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வரிவிலக்கு ஆணையைத் தபாலில் அனுப்பாமல் தானே கொண்டுபோனாள். அதே காலை ஏழு மணி. மண்டபத்து வாசலில் புதிதாக ஒரு பலகை. 'படுக்கக் கூடாது. அழக் கூடாது. பேசக் கூடாது. நிமிர்ந்து உட்காரவும்.' உள்ளே நாற்பது பேர் பாய் விரித்துச் சீரான இடைவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய முதுகும் ஒரே நேராக இருந்தது. மூச்சுகூட ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதுபோல் இருந்தது. தலைமுடியில் பஞ்சுத் தூசி இல்லை.

"ராத்திரி ஷிப்ட்டுக்காரங்க எங்கம்மா?"

பாவாத்தாள் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "கம்பெனி வாசல்ல குத்த வெச்சு உக்காந்திருக்காளுங். மழை வந்தா டீக்கடைப் பந்தல்ல. மொதல்ல அவளுகளையேதானுங் நிமிந்து உக்காரச் சொன்னேன். பத்து மணி நேரம் மிசின்ல குனிஞ்சவ எப்பிடி நிமிருவா? உக்காந்தபடியே தூங்கி விழுகறா. பெட்டி பன்னெண்டு காட்டுச்சு. அப்பறந்தான் ஏரிக்கரை மடத்துக்காரங்க வந்தாங்க."

"யாரு?"

"ஒளிமோன நிலையமுங். ஆள் அனுப்பறாங்க. தெனமும் நாப்பது பேரு, காத்தால ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். வருசத்துக்கு ஒண்ணரை லட்சம். அவங்க சம்பளத்துல மிச்சம் மடத்து நன்கொடைக் காசுலருந்தாமுங். வரியவிடக் கம்மிதானுங்களே."

செண்பகவல்லிக்கு அந்த நிலையத்தைத் தெரியும். கண்ணாடிக் கூரை, நூறு ஏக்கர் தோட்டம், வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி வில்லாக்கள். வழிபாடு தொண்ணூற்றெட்டு விழுக்காடு. வரி ஒன்றும் இல்லை. நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொடுப்பதும் அங்கே வழிபாடாகவே பதிவானது.

எட்டு மணிக்கு மணி அடித்தது. நாற்பது பேரும் எழுந்து பாயைச் சுருட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி திரும்பியபோது செண்பகவல்லிக்கு அடையாளம் தெரிந்தது. மோனிஷா.

அவளை வெளியே டீக்கடைக்கு அழைத்துப்போனாள். மோனிஷா நன்றாக உடுத்தியிருந்தாள். முகத்தில் பழைய களைப்பு இல்லை.

"தையலை விட்டுட்டேன் மேடம். இதுல சம்பளம் ஜாஸ்தி, இடுப்பு வலியும் இல்ல. ஒரு நாளைக்கு மூணு எடம். ஒரு சர்ச்சு, ஒரு தர்கா, அப்புறம் இங்க. முக்காடு போடணும்னா போட்டுக்குவோம், எடத்துக்கு ஏத்தாப்ல."

"எப்படிப் பழக்கினாங்க?"

"ஆறு வாரம் மேடம். நாலு எண்ணி மூச்ச உள்ள இழுக்கணும், ஆறு எண்ணி வெளிய விடணும். புருவத்துக்கு நடுவுல பாத்துக்கிட்டே இருக்கணும். எனக்கு மொதல்ல வரவே இல்ல. கண்ண மூடுனா பாப்பா வந்துரும். பாப்பா வந்தா பெட்டி கலக்கம்னு போட்டுரும், அன்னிக்குச் சம்பளத்துல பிடிப்பாங்க. அதனால அவ வராம இருக்கப் பழகிக்கிட்டேன். வர்றப்பல்லாம் எண்ண ஆரம்பிச்சிருவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"இப்போ எனக்கு நூத்துக்கு நூறு மேடம். எங்க குரூப்புலயே நாந்தான் முதல்." "ஒண்ணு கேக்கட்டுமா? போன வாரம் அவ பொறந்த நாளு. நானாவே உக்காந்து நெனச்சுப் பாத்தேன். மொகம் வரமாட்டேங்குது. போட்டோவப் பாத்தா யாரோ புள்ள மாதிரி இருக்கு. இது சரியாயிருமா மேடம்?"

வரிவிலக்கு ஆணை கைப்பையிலேயே இருந்தது. கொடுக்காமல் திரும்பினாள்.

மறுநாள் கோயம்புத்தூருக்குப் போய் ரவூஃபைப் பார்த்தாள். பெட்டியை வடிவமைத்த பொறியாளர் அவர். பெட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நாட்களிலிருந்து இருவரும் நண்பர்கள்.

"பெட்டி தப்பா அளக்குது ரவூஃப்."

"இல்ல. நம்ம சொல்லிக்கொடுத்ததைச் சரியா அளக்குது" என்றார் ரவூஃப். "அதுக்குச் சாமியும் தெரியாது, அல்லாவும் தெரியாது செண்பகம். இருநூறு எடத்துல பதினோராயிரம் பேரை அளந்தோம். ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்க போய், வழிபட்டுக்கிட்டு இருந்தீங்களான்னு கேட்டீங்க. ஆமான்னு சொன்னவங்க மூச்சு ஒரு பக்கம், இல்லைன்னு சொன்னவங்க மூச்சு ஒரு பக்கம். அது படிச்சது அவ்வளவுதான்."

அவளுக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஏரிக்கரை நிலையத்தில் கேட்டபோது ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஆமாம் என்றார்கள். எத்தனை நிமிடம் என்றுகூடச் சொன்னார்கள். தேவாலயத்துக் கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, 'சும்மா வந்தேன் தாயி, போயிருதேன்' என்று கூடையோடு எழுந்துவிட்டாள். தர்காவில் ஒரு கிழவர், 'காத்து வாங்க உக்காந்தேம்மா' என்றார். அழுது முடித்த கண்களோடுதான் சொன்னார். இல்லை, இல்லை, இல்லை என்று அவள்தான் குறித்துக்கொண்டே போனாள்.

"இருக்குறவன் ஆமான்னான். இல்லாதவன் சும்மான்னான்" என்றாள். "நான் அப்படியே எழுதிக்கிட்டேன்."

"எங்க வாப்பா மளிகைக் கடை வெச்சிருந்தாரு. தொழுகையில நிக்கும்போது மனசு பூரா அரிசி விலையிலதான் இருக்கும்னு அவரே சொல்லுவாரு. ஆனா அம்பது வருசம் ஒரு வேளை விட்டதில்ல. அவரைப் பெட்டிக்குக் கீழ நிக்கவெச்சுப் பாக்க எனக்குத் தைரியம் வரல."

"இதை நான் ஆணையிலயே எழுதப்போறேன்."

ரவூஃப் கொஞ்சம் பதறினார். "யோசிச்சு எழுதுங்க. பெட்டி விழுந்தா சட்டம் விழுந்துரும். அதுக்காகவே காத்துக்கிட்டு இருக்காங்க. கல்யாண மண்டபம், கடை, காலேஜு எல்லாம் மறுபடி சாமி பேருல போயிரும். உங்க ஸ்கூல் பாத்ரூமை நெனச்சுப் பாருங்க."

அவள் இரண்டு நாள் அதைத்தான் நினைத்துப் பார்த்தாள். பிறகு எழுதினாள். ஒரு இடத்தில் என்ன விற்கிறார்கள், என்ன வாடகை வாங்குகிறார்கள் என்று பார்த்து வரி போடலாம், போடவும் வேண்டும். மனிதர்களின் மனசுக்குள் புகுந்து பார்த்துப் போடக் கூடாது. மடுவுக்கரையில் எதுவும் விற்கவில்லை, யாரிடமும் வாடகை வாங்கவில்லை. ஆகவே வரி இல்லை. பெட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த விதத்தில் நேர்ந்த தவறு என்னுடையது. காசுக்கு உட்காருபவர்களை வைத்துப் பெட்டியை ஏமாற்ற முடிகிறது என்பதே அதற்குச் சாட்சி. இப்படி ஆறு பக்கம்.

பத்தொன்பது நாளில் மேலிடம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதிகாரி தன் சொந்த அபிப்பிராயத்தை எழுதியிருக்கிறார் என்றது. அவளைக் கனரக வாகன வரிப் பிரிவுக்கு மாற்றியது. அதோடு விட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவள் எழுதிய ஆறு பக்கத்தில் ஒரு வரியை மட்டும் மேலிடம் எடுத்துக்கொண்டது. மடுவுக்கரைக் கோயில் காசுக்கு ஆள் வைத்து அளவீட்டைக் கெடுத்தது என்பதை அதிகாரியே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே தொண்ணூற்று மூன்று செல்லாது. விடுதி வரி உறுதி. மேற்கொண்டு ஒரு லட்சம் அபராதம். ஆள் அனுப்பிய நிலையத்தைப் பற்றி ஆணையில் ஒரு வார்த்தை இல்லை.

மடுவுக்கரைக்குப் போய் நிற்க அவளுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்பதா, திட்டு வாங்குவதா என்று தெரியாமல் ஒரு காலையில் போனாள்.

பழைய பலகை போய் வேறொன்று வந்திருந்தது. 'மடுவுக்கரை மகளிர் தங்கும் விடுதி.' அரசு உரிம எண்ணும் கீழே இருந்தது. கூரையில் பெட்டி இல்லை. விடுதிகளில் பெட்டி வைக்கும் வழக்கம் இல்லை. மண்டபம் முழுக்கப் பெண்கள் படுத்திருந்தார்கள். ஒருத்தி வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அம்மன் காலடியில் யாரோ சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

"என்னால உங்களுக்கு..." என்று செண்பகவல்லி ஆரம்பித்தாள்.

"உக்காருங் அம்மிணி." பாவாத்தாள் இப்போது மேடம் என்று சொல்லவில்லை. "அபராதத்துக்கு என் வளையல் ரெண்டு போச்சு. பரவால்லீங். வரி கட்டறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ரோடு போடறீங், தண்ணி உடறீங், கட்ட வேண்டியதுதான். ஒவ்வொருத்தியும் நாளுக்குப் பத்து ரூபா குடுக்கறா. சாமிகிட்ட வந்து படுக்கறதுக்கு கவருமெண்டுக்குப் பத்து ரூபா."

"அப்புறம் ஏன் அன்னிக்கு மேல்முறையீடு செஞ்சீங்க?"

"வரி வேண்டாம்னு செய்யலீங் அம்மிணி. நூறு பொம்பளைங்க பொழுது விடிஞ்சா வந்து உழுந்து கெடக்கறாங்க. அது கும்புடறதில்லைன்னு கடுதாசில எழுதியிருந்தீங். அத அடிச்சுத் தாங்கன்னுதான் வந்தேன். நீங்க புஸ்தகம் குடுத்தீங். நானும் மதி கெட்டுப்போயி அவளுகளத் தொரத்திட்டேன். கோயில் பேரு போயிருமேன்னு பாத்தேன். இப்ப பேரு போச்சு, அவளுக வந்துட்டா."

செண்பகவல்லி தலையாட்டினாள். பிறகுதான் அவள் தூணோரம் பார்த்தாள்.

படுத்திருந்தவர்களுக்கு நடுவே ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். மோனிஷா. தலைமுடியில் மறுபடியும் பஞ்சுத் தூசி.

"எங்க அபராதத்தப் பாத்துப் பயந்து, மத்த எடத்துலயும் காசுக்கு உக்காறவங்கள நிறுத்திட்டாங்களாம். திரும்பத் தையலுக்கே வந்துட்டா" என்றாள் பாவாத்தாள் மெதுவாக. "ஒரு மாசமாத் தெனமும் வாரா. படுக்கச் சொன்னாப் படுக்கறதில்ல. படுத்தாலும் கண்ணு மூடுனதும் தானா எந்திரிச்சு இப்பிடி உக்காந்துக்கறா. பழையபடி ஆத்தாளத் திட்டு, கத்து, என்னையாவது திட்டுன்னு சொல்லிப் பாத்துட்டேன். வாயே தெறக்கறதில்ல."

இருவரும் எழுந்து அவளிடம் போனார்கள். மோனிஷாவின் கண்கள் மூடியிருந்தன. மூச்சு சீராக ஏறி, சீராக இறங்கியது. செண்பகவல்லியும் தன்னையறியாமல் எண்ணினாள். நாலு. ஆறு.

"மோனிஷா" என்று கூப்பிட்டாள்.

"மேடம்." கண் திறக்கவில்லை. குரல் அமைதியாக இருந்தது. "வந்துட்டா மாதிரி இருந்துச்சு மேடம், இப்பத்தான். போயிட்டா."

பாவாத்தாள் அவளுக்குப் பின்னால் கால் மடக்கி உட்கார்ந்தாள். அவள் முதுகில் உள்ளங்கையை வைத்து, தூங்காத குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதுபோல, முன்பக்கமாக மெல்ல அழுத்தினாள்.

முதுகு வளையவில்லை. பாவாத்தாள் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.